பனித்தரையில் ஓர் இளங்காவலன்

பனிக்கட்டியின்மேல் ஆடப்படும் ஹொக்கியைப் பற்றி எமது கல்லூரியின் விழா மலரிலே எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு நகைப்பை விளைவித்தல் கூடும். பனங்கூடலும் செம்பாட்டு மண்ணும் கண்டு வளர்ந்தோர்க்குப் பனித்தரையோடு யாது தொடர்பு என்று அவர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும் எமது பழைய மாணவருள் கணிசமான தொகையினர் இன்று ரொறன்ரோ மாநகரிலும் அதன் அயலிலும் வாழ்கின்றனர். அவர்தம் மக்களும் பேரரும் ஆண்டிற் பாதியைக் குளிரிலே கழிக்கின்றனர். அவருட் சிலர் காலிலே சறுக்குச் சப்பாத்தும் கையிலே வளைதடியுமாய் ஆடவுந் தலைப்பட்டுவிட்டனர். ஆதலின் இப்பொருள் எமக்கு அந்நியமானதன்று. மலர்க் குழுவினர் எம்மிடங் கேட்டது கல்லூரி நினைவுகளையே. அவற்றை எம்மினும் நன்கு எழுதவல்லார் பலருளர்.

2025ஆம் ஆண்டு வசந்த காலத்திலே, கல்லூரியில் எமக்கு மூன்று வகுப்புக் கீழே கற்ற அன்பர் ஒருவர் எம்மைத் தம் இல்லத்திற்கு அழைத்தார். அவருடைய இளைய மகனுக்கு அப்போது பதினைந்து வயது. ஒன்ராறியோ ஹொக்கி லீக்கைச் சேர்ந்த அணியொன்று தன் தெரிவிலே அவன் பெயரையுங் குறித்திருந்தது. அங்கே ஆடுவதாயின் பிள்ளை வீட்டை விட்டுப் பல மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள ஊருக்குப் போய், முன்பின் அறியாத ஒரு குடும்பத்தாரின் வீட்டிலே தங்கி, புதிய பள்ளியிற் படித்து, ஒரு பருவத்தில் 68 ஆட்டங்கள் ஆடவேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்விளையாட்டைப் பார்த்தும், அயலிலுள்ள அரங்கிலே சிறுவர் பயிற்சிக்கு உதவியும் வந்தமையால், அன்பர் எம் கருத்தை நாடினார். “அண்ணை, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ. பெடியன் தேறுவானோ?” என்றார். அவர்தம் மனைவியார் ஒன்றும் பேசவில்லை; தேநீரை வைத்துவிட்டு எம் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

உடனே விடையிறுக்கத்தக்க வினாவன்று அது. மூன்று ஆட்டங்களைப் பார்த்தபின் கூறுவோம் என்று விடைபெற்றோம்.

இவ்விளையாட்டை அறியாதார் பொருட்டுச் சிறிது கூறல் வேண்டும். தேசிய ஹொக்கி லீக்கின் ஆடுகளம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உடையது. சுற்றிலும் பலகைச் சுவர் நிற்பது. பந்து இல்லை; ‘பக்’ எனப்படும் கரிய இறப்பர் வட்டே உண்டு. அதன் விட்டம் 3 அங்குலம், கனம் 1 அங்குலம். ஒரு நேரத்தில் ஓரணிக்கு அறுவர்: இலக்குக் காப்பவர் ஒருவர், முன்னணியினர் மூவர், பின்னணிக் காவலர் இருவர். முக்கால் நிமிட அளவில் ஓடிக் களைத்து வெளியேற, வேறு வீரர் உட்புகுவர். முன்னணி வீரனை மதிப்பிடுதல் ஒப்பளவில் எளிது: விரைவு, கைத்திறன், இலக்கடிக்கும் ஆற்றல் ஆகியன யார் கண்ணுக்குந் தெரியும். காவலனோ அவ்வாறல்லன். அவனுடைய நற்செயல்களிற் பெரும்பாலானவை நிகழாமற் போன தீமைகளாகும். நிகழாததை எங்ஙனம் எண்ணுவது?

இதனை எமக்குக் கற்பித்தவர் முதிய ‘ஸ்கவுற்’ ஒருவர். நம் ஊர்ச் சாரணர் படையோடு அவருக்குத் தொடர்பில்லை; இளம் ஆட்டக்காரரைத் தேடிச் சிற்றூர் அரங்குதோறும் திரிந்து ஆராய்வதே அவர் தொழில். அரங்கின் நடுவே நல்லிருக்கை வெறுமையாயிருக்க, அவர் மூலையிற் போய் நிற்பார். காரணங் கேட்டோம். தம்முடைய பிள்ளையைப் பார்க்க வந்தோர் நடுவில் அமர்வர், பிறர் பிள்ளையைப் பார்க்க வந்தவன் மூலையில் நிற்பான் என்றார். வட்டைப் பாராதே, அது போன பின் அவன் என் செய்கிறான் என்பதைப் பார் என்பதே அவர் எமக்குத் தந்த முதற் பாடம்.

அவர் பார்க்கச் சொன்னவற்றுட் சில வருமாறு. எதிரணி வீரன் வட்டோடு விரைந்து வருங்கால் காவலன் அவனை நோக்கியபடியே பின்னோக்கிச் சறுக்கவேண்டும். இருவர்க்கும் இடையேயுள்ள வெளி மிகுமாயின் வருபவனுக்கு இலக்கு நோக்கி அடிக்க அவகாசங் கிடைக்கும். மிகக் குறையுமாயின் ஒரு பக்கமாய் விலகிக் கடந்துவிடுவான். தடியெட்டும் அளவினதாய் அவ்வெளியைப் பேணி, அவனை நடுவிலிருந்து சுவர்ப்பக்கம் ஒதுக்குதல் ஒரு கலை. பின்னோக்கிய ஓட்டத்திலிருந்து முன்னோக்கித் திரும்பும் அக்கணத்திலே இளங்காவலர் பலர் தோற்றுப்போகின்றனர். ஒரு பக்கம் நன்கு திரும்புவோர் மறுபக்கம் திரும்பத் தடுமாறுவர். இனி, வட்டு தன் இலக்கின் பின்னேயுள்ள மூலைக்கு எறியப்படும்போது, அதனை எடுக்க ஓடும் காவலனை எதிரி ஒருவன் மோதும் நோக்கோடு துரத்துவான். வட்டை அடையுமுன்னர் அவன் தோளுக்கு மேலாக எத்தனை தரம் பின்னே பார்த்தான் என்று முதியவர் எண்ணுவார். இருமுறை பார்த்தவன் வட்டைத் தொடுமுன்னரே அதனை யாருக்கு அனுப்புவது என்று தெளிந்திருப்பான். பாராதவன் சுவரோடு மோதுண்டபின் தெளிவான்.

கண்ணை மயக்குவனவும் உண்டு. பருமன் அவற்றுள் முதலாவது. பதினைந்து வயதிற் பிறரினும் ஒரு சாண் உயர்ந்து நிற்பவன் தன் பருமனாலேயே வென்றுவிடுதலின், ஆட்டத்தைக் கல்லாது போய்விடுகிறான். பிறந்த மாதமோ மிகவும் நுண்ணியதோர் ஏமாற்று. சிறுவர் அணிகள் சனவரி முதலாம் நாளைத் தொடக்கமாகக் கொண்டு வயதின்படி பகுக்கப்படுதலின், சனவரியிற் பிறந்தவனும் கார்த்திகையிற் பிறந்தவனும் ஒரே அணியில் நிற்பர். கனடிய உளவியலாளர் ரொஜர் பார்ன்ஸ்லியும் அவரோடு சேர்ந்தோரும் 1985இல் வெளியிட்ட ஆய்விலே, உயர்மட்ட இளைஞர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களிற் பிறந்தோரே மிகுந்திருப்பதை எடுத்துக்காட்டினர். அம்மாதங்களிற் பிறப்பதில் யாதொரு தெய்வீகமும் இல்லை. மூத்த உடல் முதலிலே தெரிந்தெடுக்கப்பட்டு, நல்ல பயிற்சியும் முதலிலே பெற்றுவிடுகிறது.

தேசிய லீக்கின் ஆண்டுத் தெரிவு 1963இல் தொடங்கியது. இன்று 32 அணிகள் ஏழு சுற்றுக்களில் ஏறத்தாழ 224 இளைஞரைத் தெரிகின்றன. ஆளுக்கொரு கோப்புத் திறந்து, ஒளிப்படம் பிடித்து, சைக்கிள் மிதிக்க வைத்து மூச்சளந்து, நேர்முகமும் நடத்திய பின்னரே தெரிகின்றனர். அங்ஙனமிருந்தும் காவலர் விடயத்தில் அவர் கணிப்பைப் பாருங்கள். 2012இல் முதற் பத்து இடங்களில் எண்மர் காவலர். நான்காம் இடத்தில் எடுக்கப்பட்ட கிறிபின் றைன்ஹாட் அந்த லீக்கில் ஆடியவை 37 ஆட்டங்களே. அதே ஆண்டிலே, அதே மண்டபத்தில், 120ஆம் இடம்வரை ஜேக்கப் ஸ்லேவின் என்பவரை எவருந் தொடவில்லை. அவரோ பின்னர்த் தம் தலைமுறையின் மிகச் சிறந்த தற்காப்பு வீரருள் ஒருவரானார். 2020-21 பருவத்தில் 52 ஆட்டங்களில் அவர் பெற்ற தண்டனை இரண்டு நிமிடம் மாத்திரமே. 1996இல் முதலிடம் பெற்றவர் கிறிஸ் பிலிப்ஸ் என்னுங் காவலர். ஒற்றாவா அணிக்கு நெடுங்காலம் உண்மையாய் உழைத்தவர் அவர். அதே தெரிவில் 56ஆம் இடத்தவராய் எடுக்கப்பட்டவர் ஸ்லோவாக்கியாவின் ஸ்டேனோ சாரா. ஆறடி ஒன்பது அங்குல உயரமும் தடுமாறுங் கால்களும் உடையவராய் வந்தவர், 1680 ஆட்டங்கள் ஆடிக் காவலருள் எவரும் எட்டாத தொகையை எட்டினார். சுவீடன் நாட்டு நிக்லஸ் லிட்ஸ்ட்றோம் 1989இல் மூன்றாஞ் சுற்றிலே, 53ஆம் இடத்தில் எடுக்கப்பட்டவர். சிறந்த காவலர்க்குரிய நொறிஸ் கிண்ணத்தை ஏழு முறை பெற்றுச் சென்றார். பருமன் பற்றிய மயக்கம் இன்றுந் தீர்ந்தபாடில்லை. ஐந்தடி ஒன்பது அங்குலமே உடைய லேன் ஹட்சன் 2022இல் 62ஆம் இடம்வரை காத்திருந்தார். தம் முதல் முழுப் பருவத்திலேயே 66 புள்ளிகள் ஈட்டி, 2025இல் அவ்வாண்டின் சிறந்த புதுவீரராய்த் தெரிவானார்.

பொபி ஓர் பதினான்கு வயதிற் கையொப்பமிட்டுப் பதினெட்டில் பெருங்களம் புகுந்த கதையைச் சொல்லி மறுப்போர் உளர். அவரைக் கொண்டு பிறரை அளப்பது, கம்பரைக் கொண்டு எட்டாம் வகுப்புக் கட்டுரைகளைத் திருத்துவது போலாகும்.

காவலர் பிந்தியே முதிர்வதற்குக் காரணம் உண்டு. முன்னணியில் ஒருவன் பிழை செய்தால் அவன்பின் இருவர் உளர். காவலன் பிழை செய்தால் இலக்கே உளது. பிழை பொறுக்கப்படாத இடத்திற் கற்றல் மெதுவாகவே நிகழும். அதனோடு, வளர்ந்த ஆடவரைச் சுவரோரத்தில் அழுத்தி நிறுத்தற்கு உடல் வலுவும் வேண்டும். அது பதினெட்டில் வருவதன்று. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிலேதான் பெரும்பாலார் தம் உண்மையான உருவைக் காட்டுகின்றனர். தெரிவோ பதினெட்டில் நடக்கிறது. நம் கல்லூரியில் உதைபந்தாட்டப் பயிற்சியளித்த ஆசிரியர் ஒருவர், முதல் ஆண்டில் எவனையும் ‘பாக்’ நிலையில் நிறுத்தமாட்டார். பெருங் கால்களை உடையவன் அந்நிலைக்கு உரியவன் என்று நாம் கருதியிருக்க, அவர் வாய் மூடி விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவனையே ஈற்றில் அங்கு நிறுத்துவார். அக்காலத்தில் அது எமக்கு விளங்கவில்லை.

அன்பரின் மகனை மூன்று அரங்குகளிற் பார்த்தோம். முதல் ஆட்டத்தில் அவன் ஒரு புள்ளியும் பெறவில்லை. தந்தையார் முகம் வாடியது. எமக்கோ அதுவே மூன்றிலுஞ் சிறந்த ஆட்டமாய்த் தோன்றிற்று. மூலைக்கு ஓடும்போதெல்லாம் அவன் இருமுறை பின்னே பார்த்தான். ஆரவாரமில்லாத பத்தடி அனுப்புகையால் தன் அணியை நெருக்கடியிலிருந்து விடுவித்தான். தன் தவறின்றி இலக்கு விழுந்தபோதும் தடியை உடைத்துக் கூத்தாடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்பினான். இரண்டாம் ஆட்டத்தில் மூன்று புள்ளிகள் பெற்றான். அவற்றுள் இரண்டு எதிரணியில் ஒருவர் தண்டனையிலிருந்தபோது வந்தவை. அவற்றை நாம் கணக்கிற் கொள்ளவில்லை. மூன்றாவதில் அவன் குறை வெளிப்பட்டது. வலப்பக்கம் காற்றைப்போலத் திரும்புபவன், இடப்பக்கம் திரும்புகையில் ஓரடி கூடுதலாய் எடுத்தான். அவ்வோரடியிலே விரைவுள்ள ஒருவன் இருமுறை அவனைக் கடந்து போனான். அடியின் வேகமும் போதாது. தோள்கள் இன்னுஞ் சிறுவனுடையவை.

மீண்டும் அவர்கள் இல்லஞ் சென்றபோது பையனும் உடனிருந்தான். அவன் இல்லாதபோது கூற நாம் விரும்பவில்லை. அவன் பிறந்தது கார்த்திகை மாதம். ஆகவே தன் அணியில் மிக இளையோருள் ஒருவன். தேசிய லீக்கின் தெரிவுக்குச் செப்டெம்பர் 15ஆந் தேதிக்குள் பதினெட்டு நிரம்பவேண்டுமாதலின், அவன் முறை 2028இலேயே வரும். சிறுவர் அணியில் அவனுக்கு இடராயிருந்த பிறந்த மாதமே பெருந்தெரிவில் ஓராண்டு கூடுதல் அவகாசம் தருகிறது. அந்தத் தெரிவில் முதல் மூன்று சுற்றுக்களில் அவன் பெயர் வரும் என்று நாம் கருதவில்லை என்றோம். பிற்சுற்றில் வரக்கூடும்; வராது போயினும், இடப்பக்கத் திருப்பத்தைச் சீர்செய்து, உடலுந் தேறினால், இருபத்திரண்டு வயதில் எங்கேனும் ஊதியத்துக்கு ஆடுந் தகுதி அவனுக்கு உண்டாகும்; அவன் ஆட்டத்தைப் பார்க்கும் கண் எவராலும் பயிற்றத்தக்கதன்று என்றோம். ஆயினும் இவ்வாண்டே வீட்டை விட்டுப் போகவேண்டாம், முகாமுக்குப் போய்வரட்டும், பதினாறு வயதில் அங்கே இருக்கையிற் குந்திப் பிறர் ஆடுவதைப் பார்ப்பதிலும், இங்கே ஒவ்வோர் ஆட்டத்திலும் இருபது நிமிடம் ஆடுவது நன்று என்பதே எம் முடிபு.

தந்தையார்க்கு அது உவப்பாயில்லை. சிறிது நேரம் நிலத்தைப் பார்த்தார். அப்போதுதான் அம்மையார் முதன்முறை வாய் திறந்து, “அங்கை போனால் பிறகு யூனிவேசிற்றிக்குப் போகேலாது எண்டு சொல்லுறாங்களே, உண்மையோ அண்ணை?” என்றார். முன்னர் அது பெரும்பாலும் உண்மையே. ஒன்ராறியோ லீக்கில் ஆடியவர் அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் ஆடும் உரிமையை இழந்துவந்தனர். எத்தனையோ குடும்பங்கள் பதினாறு வயதுப் பிள்ளையை இரு வழிகளில் ஒன்றைத் தெரியச் சொல்லித் தத்தளித்தன. 2024 நவம்பரில் அவ்விதி மாற்றப்பட்டு, 2025 ஓகஸ்ட் முதலாந் தேதியிலிருந்து அத்தடை நீங்கிற்று. அதனைக் கேட்டதும் அவர் எமக்கு இரண்டாம் முறை தேநீர் கொணர்ந்தார்.

பையன் ஒன்றையே கேட்டான். “மாமா, லெப்ற் பக்கம் திரும்பேக்கை நான் முதல் பாரத்தை உள்காலிலையோ வைக்கிறன்?” நாம் குறையைச் சொன்னோமேயன்றிக் காரணத்தைச் சொல்லவில்லை. அவன் அதனை ஏற்கெனவே தானாகத் தேடத் தொடங்கியிருந்தான். முற்றத்துக் கார்க் கொட்டிலில், சப்பாத்தின்றி வெறுங் காலுறையோடு, அத்திருப்பத்தை எமக்கு ஆறேழு முறை செய்து காட்டினான்.

அவ்வாண்டு அவன் வீட்டிலிருந்தே ஆடினான். காலை ஆறு மணிப் பயிற்சிக்குத் தந்தையார் கொண்டுபோய் விடுவார். முன்னர் அரங்கின் குளிருக்கு அஞ்சி வாராதிருந்த அம்மையாரும் கம்பளி போர்த்துக்கொண்டு ஆட்டங்களுக்கு வரலானார். “எல்லாரும் பக்குக்குப் பின்னாலை ஓட, இவன் மாத்திரம் ஏன் பின்னாலை பின்னாலை போறான்?” என்று ஒருநாள் எம்மைக் கேட்டார். அவரை நடு இருக்கையிலிருந்து எழுப்பி, மூலைக்கு அழைத்துக்கொண்டு போனோம்.