படிக்கத் தெரியும் கையொப்பம்

'கையெழுத்து நன்றாயிருந்தால் தலையெழுத்து நன்றாயிராது' என்று நம் மக்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அது மெய்யன்று என்பதற்கு, நம் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் சேர்த்து வைத்துள்ள அட்டைகளே சான்று.

கோவைப் பஞ்சாலை ஒன்றில் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். நாளிதழ்களில் வந்த ஹாக்கி வீரர்களின் படங்களை வெட்டிக் கெட்டி அட்டையில் ஒட்டுவார். தம் முகவரியும் தபால்தலையும் கொண்ட உறையுடன், அவ்வீரர்கள் வேலை பார்த்த ரயில்வேக்கும் வங்கிக்கும் அனுப்பி வைப்பார். கையொப்பத்துடன் அட்டை திரும்பி வரும். 1975-இல் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என வென்று உலகக் கோப்பையையும், 1980-இல் மாஸ்கோவில் தமிழகத்தின் வி. பாஸ்கரன் தலைமையில் ஸ்பெயினை 4-3 என வென்று ஒலிம்பிக் தங்கத்தையும் நம் நாடு பெற்ற காலம் அது. அக்கால அட்டைகளில் உள்ள பெயர்களைச் சிறு பிள்ளையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடும். அண்மைக் கால அட்டைகளிலோ கோழி கிளறியது போன்ற கீறல்களே மிகுதி.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. பனித்தரை ஹாக்கியை உயிராய்ப் போற்றும் கனடாவில், வீரர்களின் அட்டை சேர்ப்போர் பலர். மொன்றியால் அணித்தலைவராய் விளங்கிய ழான் பெலிவோ, தம் பெயரைத் தெளிவுற எழுதித் தருவதில் பேர்பெற்றவர். இன்றோ அட்டை நிறுவனங்கள் ஒட்டுத்தாள்களை வீரருக்குக் கட்டுக்கட்டாய் அனுப்பி, ஒப்பம் பெற்று, பின்னர் அட்டைகளில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. தாம் காணாத அட்டைக்கு ஒப்பமிடும் கையில் கனிவு எங்ஙனம் சுரக்கும்?

நம் கோவில் திருமணப் பதிவேட்டிலும் இதே மாற்றத்தைக் காண்கிறோம். நான்காம் வகுப்போடு நின்ற அப்பாரு, சாட்சியாக வந்து, மூச்சை அடக்கி, புள்ளியும் சுழியும் பிசகாமல் தம் பெயரை எழுதுகிறார். பட்டம் பெற்ற பேரனோ ஒரு கோட்டை இழுத்துவிட்டுப் பேனாவைத் திருப்பித் தருகிறான். "பேரு தெரியலையே தம்பி?" என்றோம். "பேங்க்லயும் இதுதானுங்க சாமி என்ற கையெழுத்து" என்றான்.

அவன் சொன்னதும் நியாயமே. கைப்பேசியில் தட்டிப் பழகிய தலைமுறையைக் கடிந்து பயனில்லை. ஆயினும், பாட்டன் பூட்டன் பெயரைத் தேடி நம்மிடம் வருவோர், பழைய ஏட்டின் மங்கிய மையில் அதைக் கண்டதும் விரலால் தடவிப் பார்ப்பதை அறிவோம். எழுதியவர் தெளிவாய் எழுதியதாலன்றோ அந்த உறவு கைக்கு எட்டியது? தெளிவாய் எழுதுவது, நாம் காணப்போகாத ஒருவருக்கும் காட்டும் மரியாதை.

பெற்றோரே, வாரம் ஒரு முறையேனும் உங்கள் பிள்ளை அம்மிச்சிக்கு ஒரு கடிதம் எழுதட்டும். அடியில் தன் பெயரை முழுதாய் எழுதட்டும்.