பரந்தன் வீதியில் ஓர் இரும்புப் பாலம்

தைப்பூசம் வந்து போயிற்று. விசுவமடுவிலிருந்து புத்தரிசி வந்து சேரவில்லை. 2002ஆம் ஆண்டு பாதை திறந்ததும் எமது கல்லூரிக்கு வந்து, விடுதியில் தங்கிப் படித்த மாணவர் ஒருவர் அங்கே ஐந்து ஏக்கர் வயல் செய்கிறார். புதிரெடுக்கும் நாளுக்கு முன்பாக ஒரு சிறு பையிலே அரிசி கட்டி, முல்லைத்தீவு பஸ்ஸில் அனுப்பிவைப்பது அவர் பல்லாண்டாகக் கைக்கொண்ட வழக்கம். இவ்வாண்டு அது வராமைக்குக் காரணம் எமக்குத் தெரியாததன்று. ஆயினும் எம் மனையாள், "அரிசியை விடுங்கோ, ஆளை ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாருங்கோ" என்று சொல்லிய பின்னர் வீட்டில் இருத்தல் தகாது என்று எண்ணிப் புறப்பட்டோம். கணிதம் கற்பிக்கும் நண்பரும் உடன் வந்தார். அவருக்குப் பரந்தன் வீதியிலே போடப்பட்ட புதிய பாலத்தைப் பார்க்கவேண்டும் என்னும் ஆவல்.

2025ஆம் ஆண்டு கார்த்திகை 28ஆந் திகதி இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறிய சூறாவளிக்கு "டித்வா" என்று பெயர். யேமன் நாட்டார் கொடுத்த பெயர் அது; சொக்கொத்ராத் தீவிலுள்ள அழகியதொரு கடனீரேரியைக் குறிப்பது. இத்தகைய பெயரைத் தாங்கி வந்த காற்றும் மழையும் நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயின. மலைநாட்டிலே மண் சரிந்து குடும்பம் குடும்பமாகப் புதையுண்டனர். வன்னியில் மலையில்லை, ஆனால் குளங்கள் உண்டு. இரணைமடு நிரம்பினால் வான்கதவுகளைத் திறவாமல் முடியாது. திறந்தால் கனகராயன் ஆறு கண்டாவளைப் பக்கத்து வயல்களையும் வீடுகளையும் கேளாமலே நுழைந்து பார்க்கும். இம்முறை நீர் வீதிகளையும் விட்டு வைக்கவில்லை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதி, கிளிநொச்சி மாவட்டத்துள்ளேயே அறுந்து போயிற்று.

ஆனையிறவைக் கடக்கும்போது இருமருங்கும் நீர் அமைதியாய்க் கிடந்தது. இது தானா அவ்வளவு செய்தது என்று ஐயுறும்படி இருந்தது அதன் முகம். பரந்தன் சந்தியில் இறங்கி, முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறினோம். அறுவடைக் காலத்துக்குரிய பொன்னிறம் சில வயல்களில் இருந்தது. சிலவற்றில் வண்டல் காய்ந்து பாளம் பாளமாய் வெடித்திருந்தது. 2009இல் மூட்டை முடிச்சுகளோடு சனங்கள் கிழக்கு நோக்கிப் போன வீதியும் இதுவே. அதைப்பற்றிப் பஸ்ஸில் எவரும் பேசவில்லை, நாமும் பேசவில்லை.

பாலத்தடியில் நண்பர் மணியை அடித்துவிட்டார். இறங்கவேண்டியதாயிற்று.

120 அடி நீளம். பேரழகு என்று சொல்வதற்கில்லை. இருபுறமும் இரும்புச் சட்டங்களை வேலிபோல் நிறுத்தி, நடுவே தளம் பரப்பிய பாலம். ஆனால் நண்பர் அதன் அருகே நின்று சொல்லச் சொல்ல, எமக்கு அதன்மீது மதிப்பு உண்டாயிற்று. இவ்வகைப் பாலத்தை வகுத்தவர் டொனால்ட் பெய்லி என்னும் ஆங்கிலேயர். இரண்டாம் உலகப் போரின்போது, 1940ஆம் ஆண்டளவில், பிரித்தானியப் படைக்காக வகுத்தார். எல்லாம் ஒரே அளவான தட்டிகள். ஒன்றின் நீளம் 10 அடி. நிறை ஏறக்குறைய 570 இறாத்தல். ஆறு பேர் சேர்ந்தால் தூக்கலாம். ஒரு தட்டியின் காதை மற்றொன்றின் காதோடு பொருத்தி, நடுவே ஓர் இரும்பு முளையைச் செருகிவிட்டால் மூட்டு முடிந்தது. ஆகவே 120 அடிக்கு ஒரு வரிசையில் 12 தட்டிகள்.

"இதை ஆற்றுக்குக் குறுக்கே எவ்வாறு வைத்தார்கள்?" என்று கேட்டோம். ஆற்றுள் இறங்கவே தேவையில்லையாம். ஒரு கரையிலே உருளைகளின்மேல் பாலத்தைக் கோத்து, அதற்கு முன்னால் மூக்குப் போன்று பாரங்குறைந்த நீட்சி ஒன்றையும் பூட்டி, சிறிது சிறிதாக வெளியே தள்ளுவார்கள். பின்பாரம் கூடுதலாய் இருப்பதால் பாலம் கவிழாது. மூக்கு எதிர்க்கரையைத் தொட்டதும் இழுத்து நிறுத்தி, மூக்கைக் கழற்றிவிடுவார்கள். பல ஆண்டு வகுப்பறையிலே திருப்புதிறன் என்று கரும்பலகையில் எழுதியது இதைத்தான் என்று நண்பர் சொன்னபோது, அவருடைய முகத்தில் ஒரு சிறுவனின் மகிழ்ச்சி தெரிந்தது.

ஏறக்குறைய 110 தொன் நிறையுள்ள இந்த இரும்பை இந்தியா ஆகாய விமானத்திலே அனுப்பியது. அந்நாட்டுப் படைப் பொறியியலாளர் வந்து பூட்டினர். மார்கழி 23ஆந் திகதி இரு நாட்டு வெளிநாட்டமைச்சர்களும் பாலத்தைத் திறந்து வைத்தனர். அன்றே இந்தியா அறிவித்த 450 மில்லியன் டொலர் உதவியில் 350 மில்லியன் சலுகைக் கடன், 100 மில்லியன் நன்கொடை. நண்பர் கணித ஆசிரியரல்லவா? "கடனையும் கொடையையும் ஒரே வரியிற் கூட்டி எழுதினால் விடை சரி, முறை பிழை" என்றார். அவர் சொல்வதிலும் நியாயமுண்டு. பூட்டிய பாலத்தைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு எமக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

அந்நாட்களில் உதவி பல திசையிலிருந்தும் வந்தது. எங்கள் கடற்படையின் 75ஆம் ஆண்டு விழாவுக்காகக் கொழும்புத் துறையிலே நின்ற இந்தியக் கப்பல்களான விக்ராந்தும் உதயகிரியும் தம்மிடமிருந்த உணவையும் பிறவற்றையும் முதலில் இறக்கின. யப்பானிய மருத்துவர் குழு சிலாபத்திலும், இந்தியப் படை மருத்துவமனை மகியங்கனையிலும் நோயாளரைப் பார்த்தன. மாலைதீவார் தம் கடலின் சூரையை ரின்களில் அடைத்து அனுப்பினர். சிறிய நாடு, இருந்ததைத் தந்தது. ஆயினும் முதலிரவில் கைகொடுத்தவர்கள் அயலவரும் எம் நாட்டவருமே. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சென்ற பஸ் ஒன்று கலா ஓயா வெள்ளத்தில் அகப்பட்டு, ஏறத்தாழ 70 பேர் ஒரு வீட்டுக் கூரையில் ஏறி நின்றதையும், கடற்படையினர் அவர்களை மீட்டதையும் எம்மூரில் யார் மறந்திருப்பர்?

உதவி என்றால் எல்லாம் உதவியாகிவிடாது. 2004 கடற்கோளின் பின்னர், நாம் இளம் ஆசிரியராயிருந்த காலத்தில், மண்டபமொன்றிலே மாணவர்களுடன் பொதிகளைப் பிரித்தோம். தடித்த கம்பளி மேற்சட்டைகள் எத்தனை! மார்கழிக் கூதலுக்கும் போர்வை போதுமான ஊரில், அவற்றை யாருக்குக் கொடுப்பது என்று திகைத்து, ஈற்றில் இருக்கைகளில் மடித்துப் போட்டோம். கொடுத்தவர் மனம் நல்லதே. ஆனால் பெறுபவனுக்கு என்ன குறை என்று கேட்டபின் கொடுப்பது வேறு.

எம் மாணவர் வீட்டை அடைந்தபோது உச்சிவேளை. சுவரிலே இடுப்பளவில் ஒரு மண்ணிறக் கோடு. "சேர், தண்ணி இதுமட்டும் நிண்டது" என்று அதைத் தொட்டுக் காட்டினார். நெல் முற்றாக அழிந்தது; ஒன்றரை ஏக்கரில் மட்டும் மூன்று மாத நெல்லை மறுபடி விதைத்திருந்தார். நிவாரணப் பொதி கிடைத்ததா என்று வினவினோம். கிடைத்ததாம். "சாமான் ஒரு கிழமைக்குக் காணும், சேர். பாதை இருந்தால் நாங்களே போய் விதைநெல் எடுத்திருப்பம். ஒட்டுசுட்டான், மாங்குளம் எண்டு சுத்தி ஆர் கொண்டு வாறது?" என்றார். பாதை அறுந்திருந்த நாட்களில் நாற்றுப்போலவே நாட்களும் அழுகின என்பது அவர் பேச்சிலிருந்து விளங்கிற்று.

அவருடைய மூத்த மகள் கிளிநொச்சியிலே படிப்பவள். க.பொ.த. உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருக்கையில் புயல் வந்தது, பரீட்சை நிறுத்தப்பட்டது. மாமி வீட்டில் அவள், நடுவே வெள்ளம். பெட்டியிலிருந்த இரசாயனவியற் குறிப்புகள் இங்கே நனைந்துகொண்டிருந்தன. ஒன்பது நாட் கழித்தே தாயின் முகத்தைப் பார்த்தாளாம். எஞ்சிய பாடங்களை எழுதத் தை மாதத்தில் அவள் மீண்டும் புறப்பட்டபோது பாலம் இருந்தது. குறிப்புகளை வெயிலில் உலர்த்தி, ஒட்டிக்கொண்ட தாள்களைக் கத்திமுனையாற் பிரித்த விதத்தை எமக்குக் காட்டினாள். மை கரைந்த இடங்களில் பென்சிலால் மறுபடி எழுதியிருந்தாள்.

முற்றத்தில் இருந்த பாட்டியாருக்கு எழுபதுக்கு மேலிருக்கும். இந்தியப் படையினர் பாலம் போட்டதைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று அறிய விரும்பினோம். 1987 முதல் 1990 வரை அப்படை இங்கே நின்ற காலத்தை மறந்தவரல்லர். சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "அப்ப துவக்கோட வந்தவங்கள், வாத்தியார். இந்தமுறை இரும்போட வந்து, பூட்டிப்போட்டுப் போட்டாங்கள்" என்றார். நன்றியும் நினைவும் ஒன்றையொன்று அழிக்காமல் அந்த முதுமைக்குள் இருந்தன. நாமும் மேலே கேட்கவில்லை.

"இது எத்தனை நாளைக்கு?" என்று எம் மாணவர் நண்பரைக் கேட்டார். தற்காலிகம் என்று போட்ட பெய்லிப் பாலங்கள் பல நாடுகளில் பல்லாண்டு நின்றிருக்கின்றன. ஆனால் அதைச் சாட்டாக வைத்து நிரந்தரப் பாலத்தை மறந்துவிடக் கூடாது என்றார் நண்பர். போகும்போது இருக்கும் முளைகளை எண்ணிப் பார்க்கும்படியும், ஒன்று குறைந்தால் உடனே அறிவிக்கும்படியும் அவர் ஒரு பாடம் நடத்தியதை இங்கே குறிப்பிடாமல் விடமுடியவில்லை.

மாலை பஸ்ஸுக்கு எழுந்தோம். "இந்த வருசம் புத்தரிசி இல்லை, சேர்" என்று சொல்லிவிட்டு, வெள்ளத்தில் விழாத தென்னையிலிருந்து பறித்த ஆறு தேங்காய்களை ஒரு பழைய உரப்பையிற் போட்டுத் தந்தார். வேண்டாம் என்று மறுக்கும் துணிவு எமக்கு இருக்கவில்லை. பஸ் பாலத்தில் ஏறியதும் தளம் கடகடவென்று அதிர்ந்தது. இருக்கைக்குக் கீழிருந்த பை அவிழ்ந்து, தேங்காய்கள் ஒவ்வொன்றாய் முன்னாலிருந்தவர்களின் காலடிக்கு உருண்டோடின. நண்பர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி முளைகளை எண்ணிக்கொண்டிருந்தார். நாமும், புதுக்குடியிருப்பிலிருந்து வந்த ஒரு சிறுமியும் குனிந்து தேங்காய்களைப் பொறுக்கினோம்.