ஐந்தே முக்கால் லிட்டர்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும்போது அவற்றின் முகப்பில் உள்ள எண்களைப் படிப்பேன். 3518 என்றால் 35 டன் மொத்த எடை, 180 குதிரைத்திறன். நாற்பதடிப் பெட்டி ஒன்றே சரக்கோடு 30 டன் வரை வரும். இவ்வளவையும் இழுக்கும் என்ஜின் ஆறு லிட்டர்கூட இல்லை. ஐரோப்பாவில் 40 டன் வண்டிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று லிட்டர் என்ஜின் சாதாரணம். இந்தச் சின்ன என்ஜின் வடசென்னைக்கு எப்படி வந்தது என்று தேடிப் போனேன்.

முதல் தடயம் எண்ணூரிலேயே கிடைத்தது. 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், முதலில் இங்கே பூட்டியது ஆஸ்டின் கார்களைத்தான். 1950இல் இங்கிலாந்தின் லேலண்டோடு ஒப்பந்தம் ஆனது. அடுத்த ஆண்டு நான்கு காமெட் டிப்பர்கள் மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலைக்குப் போயின. அவற்றில் இருந்தது 350 என்ற டீசல் என்ஜின். அந்த எண் கன அங்குலக் கணக்கு. லிட்டரில் சொன்னால் ஐந்தே முக்கால்.

அப்படியானால் இன்றைய ட்ரெய்லர் என்ஜின் அதன் பேரனா? இல்லை. 1980களில், அசோக் லேலண்ட் ஆகிவிட்ட அந்த நிறுவனம் ஜப்பானின் ஹினோவிடம் என்ஜின் நுட்பம் வாங்கியது. அப்படி வந்த ஆறு சிலிண்டர் என்ஜினின் கொள்ளளவு 5.759 லிட்டர். அளவு ஏறக்குறைய அதே, வம்சம் வேறு. காமெட் தந்தது 90 குதிரைத்திறன் அளவில். டர்போவும் இன்டர்கூலரும் சேர்ந்தபின் ஹினோ வழி வந்தது 180ஐத் தொட்டு, அதையும் தாண்டியது.

பக்கத்தில் நிற்கும் டாடா ட்ரெய்லரைப் பார்த்தபோது தேடல் கடல் கடந்துவிட்டது. 3518 டிசி, 4018 டிசி என்று எழுதியிருக்கும். டிசி என்பது டாடா கம்மின்ஸ். அதற்குள் ஜாம்ஷெட்பூரில் செய்த 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் என்ஜின். டிராக்டர், மண்வாரி இயந்திரங்கள் செய்யும் கேஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அமெரிக்கக் கம்மின்ஸ் உருவாக்கிய குடும்பம் அது. 1989இல் அதே 5.9 லிட்டர் என்ஜின் டாட்ஜ் ராம் பிக்கப்பில் ஏறியது. வீடு போன்ற ட்ரெய்லரைப் பின்னால் கட்டிக்கொண்டு மலை ஏறும் அமெரிக்கக் குடும்பங்கள் அதைக் கொண்டாடின. திருவொற்றியூரில் இரும்புப் பெட்டி இழுப்பதும் அதே இனம் என்று தெரிந்த அன்று எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

ராமில் அதன் திறன் வெறும் 160 குதிரை. அதைவிட அதிகக் குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் என்ஜின்கள் அப்போது தாராளமாகக் கிடைத்தன. ஆனால் முறுக்குவிசை 542 நியூட்டன் மீட்டர், அதுவும் குறைந்த சுழற்சியிலேயே. சிலிண்டரின் விட்டம் 102 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 120. டர்போ திணிக்கும் காற்றும் இந்த நீண்ட ஓட்டமும் சேர்ந்துதான் அந்த இழுவையைத் தருகின்றன.

எர்ணாவூர்ப் பக்கம் ஒரு மெக்கானிக் இதையே தன் பாஷையில் சொன்னார்: “ஹார்ஸ் பவரை விடுங்க சார். ஆயிரத்து ஐந்நூறு ஆர்பிஎம்ல இழுக்குதா, அதைப் பாருங்க. இங்க வண்டி ஓடுறதைவிட நின்னு நின்னு கிளம்புறதுதான் ஜாஸ்தி.” துறைமுக வரிசையில் பத்தடிக்கு ஒருமுறை முழு எடையோடு கிளம்ப வேண்டும். கீழ்ச் சுழற்சியில் இழுவை இல்லையென்றால் கிளட்ச் தீய்ந்துவிடும். பின் அச்சின் பல் விகிதமும் இங்கே பாதி வேலையைச் செய்கிறது. கிளம்ப உதவும் விகிதம் நெடுஞ்சாலையில் டீசலைக் குடிக்கும். டீசலை மிச்சப்படுத்தும் விகிதம் இந்த வரிசையில் திணறும்.

2018இல் மத்திய அரசு பெரிய ட்ரெய்லர்களின் எடை வரம்பை 49 டன்னிலிருந்து 55 டன்னாக உயர்த்தியது. இப்போது வருவது 5525, அதாவது 250 குதிரைத்திறன். கணக்குப் போட்டேன்: 3518இல் டன்னுக்கு 5.1 குதிரை, இதில் 4.5. என்ஜினின் திறன் கூடியும், சுமை அதை முந்திவிட்டது. இது எனக்குச் சரியாகப் படவில்லை. துறைமுகத்துக்கும் மாதவரம், மணலி கிடங்குகளுக்கும் இடையே சமதளத்தில் ஓடும் வண்டிக்கு இந்த ஆறு லிட்டருக்குட்பட்ட என்ஜின் தாராளம். ஆனால் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருவுக்கு 55 டன்னோடு ஏறப்போகிறவர் விலை கூடினாலும் எட்டு லிட்டர் வகையை வாங்க வேண்டும். ஏற்றத்தில் கீழ் கியரில் மணிக்கணக்கில் ஊர்ந்து களைத்துப்போகிறவர் டிரைவர்தான். வாங்கும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்கிற உரிமையாளர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.