கல்லுக்குள் ஒரு கிடார்!

நாகர்கோவிலில் ஒரு கல்யாண ரிசப்ஷன். பேஸ் கிடார் வாசித்தேன். முடிந்ததும் ஒரு பெரியவர், "மக்களே, ஒனக்க கிடார் சத்தமே கேக்கல்லியே!" என்றார். சுருக்கென்றது.

மறுநாள் பஸ் ஏறி சுசீந்திரம். தாணுமாலயன் கோயிலில் 18 அடி உயர இசைத்தூண்கள். ஒரே கல்லில் கொத்துக் கொத்தாகச் சிறு தூண்கள். கல் ஒன்றுதான்; தட்டும் இடத்துக்கேற்ப ஒலி வேறு.

அட, நம்ம கிடாரும் இதேதானே! தந்தி ஒன்றுதான். கழுத்துப் பக்கம் இருக்கும் பிக்கப்பில் 'கும்' என்ற நாதம். பிரிட்ஜ் பக்கம் கறார்க் குரல். இப்போது சில கிடார்களில் பிக்கப் கூட்டணியை முன்பே பதித்து வைக்கலாம். பட்டனைத் தட்டினால் ஆட்சி மாற்றம்!

அடுத்த கச்சேரியில், பாட்டின் நடுவே வேண்டுமென்றே நிறுத்தினேன். பாட்டு பொத்தென்று விழுந்தது. பாடகர் முறைத்தார்.

தூணை யார் ஸார் கவனிக்கிறார்கள்? எடுத்துப் பாருங்கள், கூரை பேசும்!