மோகினியும் குதிரைமுகத்தாளும்

குவாத்தமாலா என்ற பெயரைப் போடிநாயக்கனூர்க்காரர்கள் பூகோளப் பாடத்தில் படிப்பதற்கு முன்பே கடைவீதியில் கேட்டிருப்பார்கள். "அங்கே இந்த வருஷம் விளைச்சல் அதிகமாம், இங்கே விலை விழுந்துவிடும்" என்ற பேச்சு என் சிறுவயதில் அடிக்கடி காதில் விழும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஏலச்செடி, ஆல்டா வெராபாஸ் மலைகளில் வேரூன்றி, பிற்பாடு ஏற்றுமதியில் நம்மை முந்திக்கொண்டது. அந்த மலைகளில் உலவும் பேய்களைப் பற்றி நான் அறிந்தது மிகத் தாமதமாகத்தான்.

எங்கள் பேய் மோகினி. போடிமெட்டுக்கு ஏறும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் நிற்பாள். மல்லிகை மணக்கும். மலையின் கேரளச் சரிவில் அவளே யட்சியாகி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். என் தாத்தா மலையில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போனவர். ஒரு நாள் திரும்பவில்லை. ஏலக்காய் பொறுக்கிக்கொண்டே அம்மாச்சி சொல்வாள்: "அவரை மோகினி கூட்டிட்டுப் போயிட்டாய்யா." அதற்குமேல் கேட்கத் தோன்றியதில்லை.

அம்மாச்சி இறந்த பிறகுதான் அம்மா உண்மையைச் சொன்னாள். அன்று கூலி நாள். தாத்தா நிறையக் குடித்திருந்தார். குறுக்குப் பாதையில் இறங்கும்போது கால் தவறிப் பள்ளத்தில் விழுந்திருக்கிறார். மூன்று நாள் கழித்துக் கண்டெடுத்தபோது, மீந்த கூலிப்பணம் மடியில் அப்படியே இருந்ததாம். இத்தனை வருடம் ஏமாற்றப்பட்டதாக எனக்குக் கோபம் வந்தது.

நோபல் பரிசு பெற்ற மிகேல் ஆங்கெல் அஸ்துரியாஸ் 1930-இல் வெளியிட்ட குவாத்தமாலாத் தொன்மக் கதைகளைத் தேடிப் போனபோது வழியில் சிகுவானாபா எதிர்ப்பட்டாள். மத்திய அமெரிக்கா முழுக்க அறிந்த பேய் அவள். நள்ளிரவில் நீர்நிலையருகே கூந்தலை வாரிக்கொண்டிருப்பாள். குடித்துவிட்டு வருபவன், வீட்டை மறந்து திரிபவன் பின்தொடர்வான். திரும்பினால் குதிரை முகம். அவன் சித்தம் கலங்குவான், அல்லது பள்ளத்தாக்கில் விழுவான்.

படித்து முடித்தபோது கோபம் தணிந்திருந்தது. குடித்துச் செத்தவனின் மனைவி என்ற பெயரைவிட, மோகினி கொண்டுபோனவனின் மனைவி என்ற பெயர் அந்தத் தெருவில் வாழ எளிதாக இருந்திருக்கும். இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. இரண்டு மலைகளிலும் ஆண்கள் குடித்து விழுகிறார்கள். பழியைச் சுமக்க மட்டும் ஒரு பெண் தேவைப்படுகிறாள். அம்மாச்சி தன் கணவரைக் காப்பாற்ற இன்னொருத்தியைக் குற்றவாளியாக்கினாள், அவள் இல்லாதவள் என்றாலும்.

அந்த ஊர்க் கதைகளில் கதேகோ என்ற நாயும் உண்டு. வெள்ளை நாய் காக்கும், கருப்பு நாய் கெடுக்கும் என்பது பரவலான வழக்கு. இரவில் தள்ளாடி வருபவனுக்கு வெள்ளை நாய் வீடுவரை துணை வருமாம். நம் கருப்பசாமியின் காலடியிலும் நாய் நிற்கிறது.

அம்மாச்சி தினமும் படுக்கப்போகுமுன் வாசலில் ஒரு கவளம் சோறு வைப்பாள். தெருநாய்கள் வந்து தின்னும். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "ராத்திரி மலையிலேருந்து யாராவது தனியா வருவாகல்ல, அவுகளுக்குத் துணை வேணாமாய்யா?" என்றாள்.

தாத்தா போய் அப்போது இருபத்தைந்து வருடங்கள் ஆகியிருந்தன.