பழியை அந்த அம்மா மேல் போட்டேன்

என்னிடம் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்ட ஓர் அம்மாவிடம் உண்மையை மறைத்தேன். மேல்தாடை முன்பல் அது. மறுபரிசோதனை எக்ஸ்ரேயில் இம்ப்ளான்ட்டின் கழுத்தைச் சுற்றி எலும்பு கரைந்திருந்தது. முதல் ஆண்டுக்குப் பின் ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டருக்குள் கரைந்தால் பரவாயில்லை என்று 1986இல் ஆல்ப்ரெக்ட்சன் குழுவினர் வகுத்தார்கள். இது அதைத் தாண்டிவிட்டது. "பல் சரியாத் தேய்க்கிறதில்லையாம்மா?" என்று கேட்டேன். "இனிமே கவனமா இருக்கேன் டாக்டர்" என்று தலைகுனிந்தார்.

அவர் ஒழுங்காகத்தான் தேய்த்திருந்தார். ஈறைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்தது.

பல்லை எடுத்தபின் உதட்டுப் பக்கத்து மெல்லிய எலும்புச் சுவர் தேய்ந்துபோகும். எலும்பு ஒட்டு வைத்து, சில மாதம் பொறுத்து, இம்ப்ளான்ட்டை நேராக நிறுத்தியிருக்க வேண்டும். வீட்டில் கல்யாணம் என்று அவர் அவசரப்பட்டார்; அவர் வேறு மருத்துவரிடம் போய்விடுவாரோ என்று நான் பயந்தேன். இருந்த எலும்பின் சாய்விலேயே துளையிட்டு, இம்ப்ளான்ட்டோடு கிரவுனை, அதாவது மேலே தெரியும் செயற்கைப் பல்லை, இணைக்கும் 25 டிகிரி சாய்ந்த அபட்மென்ட்டைப் போட்டுக் கிரவுனை நேராக்கினேன். பார்க்க அழகாக இருந்தது.

கடிவிசை கிரவுனின் போக்கில் 100 நியூட்டன் இறங்கினால், 25 டிகிரி சாய்வில் ஏறக்குறைய 42 நியூட்டன் இம்ப்ளான்ட்டைப் பக்கவாட்டில் தள்ளும்; 15 டிகிரியில் 26தான். நட்ட கம்பத்தின் தலையைத் தள்ளினால் மண்மட்டத்தில்தான் நெகிழும். அதுபோல வளைவின் அழுத்தம் எலும்பின் மேல்விளிம்பில் குவிகிறது. இயற்கைப் பல்லுக்கு அதிர்வைத் தாங்கும் இணைநார் உண்டு; இம்ப்ளான்ட்டில் டைட்டானியமும் எலும்பும் நேராகப் பிணைந்திருக்கின்றன. கீழ்ப்பற்கள் மேல் முன்பல்லை வெளியே தள்ளுவதால் விசையெல்லாம் உதட்டுப் பக்கம் போகிறது. அங்கேதான் எலும்பு ஆக மெல்லிசு. கணினி மாதிரிகளும் இதையே காட்டுகின்றன.

எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். லிஸ்பனில் பாவ்லோ மாலோ உருவாக்கிய ஆல்-ஆன்-ஃபோர் முறையில் பின்னிரண்டு இம்ப்ளான்ட்டுகளை 45 டிகிரிவரை சாய்த்தே வைக்கிறார்கள், அவை நிற்கின்றனவே என்று. ஆனால் அங்கே நான்கையும் ஒரே பல்வரிசை பிணைத்து, பாரத்தைப் பங்குபோடுகிறது. தனியாக நிற்கும் முன்பல்லுக்கு அந்தத் துணை கிடையாது. துளையிடும்போதே இது எனக்குத் தெரியும்.

சாய்வு மட்டுமே கரைத்தது என்று சாதிக்க மாட்டேன். சாய்ந்த அபட்மென்ட் வைத்தும் ஆண்டுக்கணக்காக நன்றாக இருப்பவர்கள் பலர். அந்த மெல்லிய சுவர் தானாகவே தேய்ந்திருக்கலாம். ஆனால் அந்தச் சுவரை நம்பி இறங்கியதும் என் முடிவுதான். அந்த அம்மாவின் பிரஷ்ஷுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

அடுத்த வாரம் வருகிறார். எக்ஸ்ரேயை அவர் கையில் கொடுத்து இதையெல்லாம் சொல்லப் போகிறேன். கீழ்ப்பல் இடிக்கும் இடத்தில் கிரவுனை இழைத்துக் குறைத்துப் பார்க்கலாம். கழற்றி, எலும்பு ஒட்டு வைத்து, மறுபடி செய்ய நேர்ந்தால் செலவு முழுவதும் என்னுடையது. வேறு மருத்துவரிடம் செய்துகொள்கிறேன் என்று அவர் சொன்னாலும் அந்தச் செலவையும் நானே கொடுப்பேன்.