பெசன்ட் நகர் கரையில் ஓர் அமானிதம்

அடையாற்றை அடுத்த பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு மாலைக் காற்று வாங்கச் சென்றிருப்பீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை, நள்ளிரவுக்குப் பின் அங்கே வேறொரு காட்சி. ஆலிவ் ரிட்லி எனும் பங்குனி ஆமை கரையேறி, மணலில் குழி தோண்டி, நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். பிறகு தாய் வந்து பார்ப்பதில்லை.

அந்த அநாதை முட்டைகளுக்கு நாயும் பகை, மனிதனும் பகை. எனவே, 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் இளைஞர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து, முட்டைகளைத் திரட்டி, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். ஏறத்தாழ 45 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். கடல்மேல் தெரியும் மெல்லொளியை நாடுவது அவற்றின் இயல்பு. ஆனால் நகரத்து விளக்குகள் அவற்றைச் சாலைப் பக்கம் இழுத்துவிடுகின்றன.

2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவலைகளில் சிக்கி மூச்சுத் திணறியதே காரணம் எனக் கூறப்பட்டது.

பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே எனத் திருமறை (6:38) உணர்த்துகிறது. கரையோரம் குடியிருப்போர் அம்மாதங்களில் வெளிவிளக்கை அணைத்து வைப்பதும் அல்லாஹ்வின் அமானிதத்தைப் பேணுவதேயாகும்.